நாவு காட்டும் நெஞ்சம்



மரத்தைக் கனியால் அறிவதுபோல, மனிதனின் உள்ளத்தை அவன் பேச்சால் அறியலாம் என்பது ஆண்டவரின் போதனை (மத். 12:33-34). போரைப் பற்றிய பேச்சில் இவ்வுண்மை தெளிவாகப் புலனாகும்.

1945 ஓகஸ்ட் 9ம் திகதி யப்பானின் நாகசாகி நகர்மீது அணுகுண்டு வீசப்பட்டது. அதனை ஆக்கியோர் அதற்கு இட்ட பெயர் ‘தடித்த மனிதன்’. கேட்டால் சிரிப்பு வரும் பெயர். குண்டு வெடித்த இடத்துக்கு ஏறக்குறைய 500 மீற்றர் தூரத்தில் உறாக்காமி கத்தோலிக்க ஆலயம் நின்றது. தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவர்களும், அதைக் கேட்ட குருக்களும் அங்கேயே மாண்டனர். செய்யும் காரியத்தின் கொடுமையை மனம் உணராதபடி மறைக்க ஒரு வேடிக்கைப் பெயர் போதும்.

முதலாம் உலகப் போரின்போது பாப்பரசர் 15ம் ஆசீர்வாதப்பர் இதற்கு மாறாகப் பேசினார். போரிட்ட நாடுகளின் தலைவர்களுக்கு 1917 ஓகஸ்ட் 1ம் திகதியிட்டு எழுதிய மடலில், அப்போரைப் பயனற்ற படுகொலை என்றார். மற்றவர்கள் வீரம், வெற்றி, கௌரவம் என்று பேசிய வேளையில் அவர் இறந்தவர்களைக் கண்டார். இரு தரப்பிலும் பலருக்கு அச்சொல் கசந்தது. ஆயினும் அது உண்மையான பெயர்.

நமது நாட்டில் 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் இறுதிக் கட்டத்தை அரசு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. அதைக் கேட்டு நாம் வேதனைப்பட்டோம், அது நியாயமே. ஆனால் மறுதரப்பில் விழுந்தவர்களைப் பற்றி நாம் எப்படிப் பேசினோம்? ‘இத்தனை முடிஞ்சுதாம்’ என்று எண்ணிக்கையாகச் சொன்னதில்லையா? அந்த எண்களுக்கும் தாய்மார் இருந்தனர்.

கொலை செய்யாதே என்ற கட்டளையை விளக்கியபோது, யேசுநாதர் ஆயுதத்தைப் பற்றிப் பேசவில்லை. கோபத்தையும், சகோதரனை இகழும் சொல்லையும் பற்றியே பேசினார் (மத். 5:21-22). இகழும் சொல் முதலில் ஒருவனை மனிதனல்லாதவன் ஆக்குகிறது. கை பின்னரே ஓங்குகிறது.

பெற்றோரே, இன்றிரவு குடும்ப செபமாலைக்குப் பின், போர்ச் செய்தி ஒன்றை எடுத்துப் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. இச்செய்தியில் இறந்தவர் ஆளா, வெறும் எண்ணா?

2. இதிலுள்ள சொல் எதை மறைக்கிறது?

3. நம் வீட்டுப் பிள்ளை இறந்திருந்தால் இதே சொல்லைச் சொல்வோமா?

மூன்றாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், அச்சொல் இனி உங்கள் வீட்டில் வேண்டாம். பின்னர், இரு தரப்பிலும் இறந்தவர்களுக்காகச் சேர்ந்து ஒரு செபம் சொல்லுங்கள்.