பெட்டி வாங்கும் முன் தேனீயைப் படிப்போம்



இந்த வருடம் கூட்டத்துக்குப் போன ஊரிலெல்லாம் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பழம் பறிப்பு முடிஞ்சா அப்புறம் வேலை கம்மி. வீட்டுல இருந்தபடி கைத்தொழில் ஏதாவது சொல்லுங்க." சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் நவம்பரில் தொடங்கி பிப்ரவரியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு கவாத்து, களை எடுப்பு என்று கிடைக்கிற நாட்கள்தான். நாகலூர், வெள்ளக்கடை பக்கம் சில குழுக்கள் தேன் பெட்டிக்குக் கடன் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் தேனீ வளர்ப்பைப் பார்ப்போம்.

தேன் நமக்குப் புதிதல்ல. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கட்டுகிற மலைத்தேனை ஆண்கள் கயிறு கட்டி இறங்கி எடுப்பார்கள். அது வேறு வேலை. அந்தத் தேனீயைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பெட்டியில் வளர்வது மரப்பொந்திலும் கல் இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ. நம் ஊரில் பலர் அடுக்குத் தேனீ என்பார்கள். இருட்டான இடம் இதற்குப் பிடிக்கும், அதனால்தான் பெட்டிக்குள் தங்குகிறது. பாதிரியார் நியூட்டன் என்பவர் நூறு வருடத்துக்கு முன்பே இந்தத் தேனீக்கு ஏற்ற சின்னப் பெட்டியை வடிவமைத்து, கிராமத்து மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்றும் தமிழ்நாட்டில் அதை நியூட்டன் பெட்டி என்றே சொல்கிறோம். கீழே புழு அறை, மேலே தேன் அறை. தேன் அறையில் மட்டும் எடுக்க வேண்டும். கீழ் அறையில் கை வைத்தால் குஞ்சும் போச்சு, கூட்டமும் போச்சு.

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், சிறு விவசாயிகளுக்குப் பக்க வருமானமாக இந்தத் தொழிலைக் கொண்டுவந்தார். அங்கே ரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்பில்தான் பெருமளவு தேன் கிடைக்கிறது, பூவில் இல்லை! 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1991-92-ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. புழுக்கள் தண்ணீர் நிறைந்த பை போல அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கும். இதற்கு மருந்து கிடையாது. தாங்கி நின்ற கூட்டங்களைப் பெருக்கித்தான் மறுபடி தொழிலைப் பிடித்தார்கள். எந்தக் கூட்டம் தாங்கும், எது தாங்காது என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தொழில் திரும்பி வந்தது.

பெட்டியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பார்க்கும் கண்ணை வாங்க முடியாது. பெட்டி மட்டும் வாங்கி, ஆறு மாதத்தில் தேனீ ஓடிப்போய், அதில் கோழி அடை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கடன் தவணை மட்டும் ஓடிப்போகாது.

என்ன கற்க வேண்டும்? முதலில் பயமில்லாமல் சட்டத்தைத் தூக்கிப் பார்க்க. முட்டை இருக்கிறதா? இருந்தால் ராணி இருக்கிறது என்று அர்த்தம், ராணியைத் தேடி அலைய வேண்டாம். அடையின் ஓரத்தில் நிலக்கடலை போல நீளமான அறை தொங்குகிறதா? அது புது ராணிக்கான அறை, கூட்டம் பிரியப் போகிறது. அந்த நேரம் கவனித்தால் ஒரு பெட்டியை இரண்டாக்கலாம், விட்டால் பாதிக் கூட்டம் பறந்துவிடும். பூக்காலத்தில் வாரம் ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும். ஒரு பெட்டிக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும்.

நம் மலையில் கஷ்டம் மழைக்காலம்தான். மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்து ஒன்பது பத்து நாளில் காப்பி வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூ மூன்று நாலு நாள்தான். நாவல், சில்வர் ஓக், காட்டு மரங்கள் சேர்ந்தால்தான் பெட்டி நிறையும். ஜூன் தாண்டி மழை பிடித்துக்கொண்டால் தேனீ வெளியே போக முடியாது. அப்போது சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகை மாலையில் வைக்க வேண்டும். இந்த மாதங்களில்தான் மெழுகுப் பூச்சி அடையைத் தின்னும். காலியான பழைய அடையை உள்ளே விடாதீர்கள். ஸ்டாண்டு காலுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் எறும்பு ஏறாது. நம் பெண்கள் பலபேர் ஒரு சின்னத் தப்பு செய்கிறார்கள்: எல்லாத் தேனையும் எடுத்துவிட்டு மழைக்காலத்துக்கு ஒன்றுமே விடுவதில்லை.

இன்னொரு விஷயம் எஸ்டேட் மருந்து. காப்பியில் தண்டுத் துளைப்பானுக்கு மருந்து அடிக்கும் நாளை மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முதல் நாள் இரவே, தேனீ எல்லாம் உள்ளே வந்தபின் வாசலை வலை வைத்து மூடிவிடலாம். தேனீ வந்தால் காப்பியும் நன்றாகக் காய்க்கும் என்று எஸ்டேட்காரரிடம் சொல்லிப் பாருங்கள். பெட்டி வைக்க இடம் கொடுக்க அவருக்கும் ஒரு காரணம் வேண்டுமில்லையா?

கொட்டினால் நகத்தால் சுரண்டி முள்ளை உடனே எடுங்கள். வீக்கம் சாதாரணம். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் கை வைத்தியம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. முன்பே அப்படி ஆனவர்கள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டாம் என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

வருமானக் கணக்கு பார்ப்போம். நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு பெட்டியில் வருடத்துக்கு 5 முதல் 10 கிலோ எதிர்பார்க்கலாம். நாலு பெட்டி, பெட்டிக்கு 6 கிலோ, கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் 9,600 ரூபாய். அதில் சர்க்கரை, பாட்டில் செலவு கழியும். மாதத்துக்குப் பிரித்தால் 800 ரூபாய்கூட வராது. ஆகவே கூலி வேலையை விட்டுவிட்டு வருகிற தொழில் இல்லை இது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்துக்கும் மழைக்கால மளிகைக்கும் ஆகிற பணம். பெட்டி பெருகினால் கணக்கு மாறும். முதல் வருடம் மட்டும் இரண்டு பெட்டிக்கு மேல் யாருக்கும் கடன் கொடுக்க வேண்டாம் என்பது நமது கருத்து.

முக்கால் பாகம் மெழுகு மூடிய அடையில் மட்டும் தேன் எடுங்கள். மூடாத தேனில் ஈரம் அதிகம், புளித்துவிடும். பிழியக் கூடாது, சுற்றி எடுக்கும் கருவி வேண்டும். அதைக் குழுவுக்கு ஒன்று பொதுவில் வாங்கினால் போதும். பாட்டிலில் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண் வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே எழுதிவிடுங்கள். மே மாதக் கோடை விழாவில் ஏற்காடு நிரம்பிவிடும், அதற்கு முன் தேன் தயாராக இருக்கட்டும்.

பயிற்சிக்குச் சேலத்தில் இந்தியன் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கேளுங்கள். அங்கே பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு இலவசம். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரிக்கலாம். காதி கிராமத் தொழில் ஆணையம் 2017-ல் தொடங்கிய தேன் இயக்கத்தில் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் பெட்டி தருகிறார்கள். ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு, குழுவுக்கு இரண்டு பேராகச் சேர்ந்து போங்கள். ஒருவர் மட்டும் கற்றால், அவர் அம்மா வீட்டுக்குப் போகிற வாரம் பெட்டியைத் திறக்க ஆளிருக்காது.