குறுந்தகடுகளுக்கு ஒரு வீட்டு இசைச் சேமிப்பகம்

மாணவர்கள் ஆண்டுவிழாவில் பாடிய குறுந்தகடு ஒருநாள் ஓடவில்லை. வேறு படி இல்லை. வீட்டிலுள்ள மற்ற 100 தகடுகளையாவது காக்க, பழைய கணினியை இசைச் சேவையகமாக்கினேன்.

எவ்வளவு இடம் தேவை? எட்டாம் வகுப்பு மாணவர்களே கணக்கிடுவர். நொடிக்கு 44,100 மாதிரிகள் × 2 பைட் × 2 ஒலித்தடங்கள் = 1,76,400 பைட். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 635 எம்பி. 100 தகடுகளுக்கு 63.5 ஜிபி. ஃபிளாக் வடிவில் சேமித்தால் ஒலித்தரம் குறையாமல் ஏறத்தாழப் பாதி இடமே போதும்.

தகடுகளைக் கணினியில் ஏற்றும்போதே பாடல், பாடியவர் பெயர்களைப் பதிந்துவிடுங்கள். பிறகு தேடுவது எளிது. ஜெல்லிஃபின் என்னும் இலவச மென்பொருளை நிறுவினால், வீட்டு வைஃபையில் கைப்பேசியிலும் கேட்கலாம்.

இறுதியாக, எல்லாவற்றையும் தனி வன்தட்டில் மற்றொரு படி எடுத்து வையுங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுதான்.