உள்பக்கத்தைக் காட்டு

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன வாரம் உன் முதல் பூப்போட்ட குல்லாவைக் கையில் வாங்கியதும் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். உன் முகம் வாடிவிட்டது. வெளியே நீலமும் வெள்ளையும் அழகாகத்தான் இருந்தன. ஆனால் இரட்டை நிறக் குல்லாவின் உயிர் உள்ளேதான் இருக்கிறது. ஒரு நூல் கண்ணியாக விழும்போது மற்றது பின்னால் சும்மா ஓடுகிறது. அந்த நூலை நீ வீணைத் தந்தி மாதிரி இழுத்திருந்தாய்.

நானும் அப்படித்தான் இழுத்தேன். என் தம்பி முதல்முறை சரக்குக் கப்பல் ஏறியபோது, வியாசர்பாடிப் புழுக்கத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து அவனுக்கு ஒரு குல்லா பின்னினேன். அது காதுக்குக் கீழே இறங்கவே இல்லை என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் சொன்னான். பனிக்காற்றில் டெக்கில் நின்றபோது துண்டைச் சுற்றிக்கொண்டானாம். அன்றைக்கு அழுதேன்.

அதனால், நிறம் மாற்றும்போதெல்லாம் வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளைக் கட்டைவிரலால் பரப்பிவிட்டு, அதற்குப் பிறகு புது நூலைக் கொண்டு வா. ஐந்து கண்ணிக்கு மேல் ஓட வேண்டி வந்தால் நடுவில் ஒருமுறை மற்ற நூலோடு முறுக்கிப் பிடி. வியர்த்த கையில் நூல் ஒட்டும், ஒட்டினால் தானாக இறுகும். பூ வரிசையை விடிகாலையில் பின்னு.

உன் கணக்கு சரி. 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி. 56 சென்டிமீட்டர் தலைக்கு 51 போதும், அதற்கு 112 கண்ணி. அது நாலாலும் வகுபடும், எட்டாலும் வகுபடும். விளிம்பின் ரிப்புக்கும் பூவுக்கும் ஒரே கணக்கு. ஆனால் மாதிரித் துண்டைத் தட்டையாகப் பின்னிவிட்டு, குல்லாவை வட்ட ஊசியில் பின்னினாய். இரண்டிலும் கை ஒரே மாதிரி விழாது. மாதிரியையும் வட்டமாகவே பின்னு. பூ வந்தால் பின்னல் இறுகும், விளிம்புக்கு 3.5 மில்லிமீட்டர் ஊசி என்றால் பூவுக்கு 4 எடு.

மடிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். 12 சென்டிமீட்டர் பின்னினால்தான் மடித்த பிறகு 6 நிற்கும், காது முழுக்க மூடும். நியூயார்க்கில் மாலுமிகளுக்கான திருச்சபை நிறுவனம் ஒன்று 1898 முதல் தன்னார்வலர்கள் பின்னிய கம்பளிகளைக் கப்பல்காரர்களுக்குக் கொடுத்து வருகிறது. அந்த ஆண்டின் பெயரிலேயே ஒரு குல்லா உண்டு. அதன் காதுப்பட்டியும் இரட்டையாக மடித்ததுதான். மடிப்பைத் தைக்கப் போகிறாய் என்றால் நூலைத் தளர விடு. இறுக்கித் தைத்தால் விரியாது.

கடையில் ‘உல்லன்’ என்று கொடுப்பதை நம்பிவிடாதே, பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஒரு துண்டைக் கொளுத்திப் பார். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். நனைந்தாலும் சூடு காப்பது கம்பளி. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் அதுவே சுருங்கிப்போகும், போடுகிறவரிடம் சொல்லிக் கொடு.

மெட்ராஸில் யாருக்குக் குல்லா என்று கேட்கிறார்களாமே. 2016 ஜனவரி 31 அன்று இதே சென்னையில்தான் 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வை கின்னஸ் சாதனை ஆனது. அது கொக்கி ஊசி வேலை, நம்முடையது வேறு. ஆனாலும் நூல் பிடிக்கிற கைகள் இங்கே நிறைய இருக்கின்றன. காசிமேட்டில் வலை பழுது பார்க்கிறவர்களிடம் போய் உட்கார். அவர்களுக்கும் அது கண்ணிதான். ஒரு கண்ணிகூடப் பெரிதாகவோ சிறிதாகவோ போகாது.

உன் குல்லாவின் விளிம்பு நன்றாக வந்திருக்கிறது. அதைத் தொடாமல் பூ ஆரம்பித்த வரிசை வரைக்கும் பிரித்துவிடு. பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும். சிட்டமாகச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அடியில் ஒரு கரண்டியைக் கட்டி நிழலில் தொங்கவிடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ந்து நேராகிவிடும். அன்றைக்கு எடுத்துக்கொண்டு வா, பக்கத்தில் உட்கார்ந்து பின்னலாம்.

அன்புடன்,
அக்கா
வியாசர்பாடி