கவச வாகனக் கித்தான் கூடாரங்களை இனங்காணல்

பழைய போர்க் கருவிகளைப் பற்றி எழுதுவோர் பீரங்கியின் குழாய் விட்டத்தையும் தாங்கியின் கவசத் தடிப்பையும் நுணுக்கமாய் உரைப்பர். அத்தாங்கியின் பக்கத்திலே சுருட்டிக் கட்டப்பட்டிருந்த கித்தானைப் பற்றியோ பெரும்பாலும் ஒன்றும் கூறார். ஆயினும் படைவீரன் உண்டதும் உறங்கியதும், படைத்தலைவன் தேசப்படத்தை விரித்து மறுநாட் போரைத் திட்டமிட்டதும் அக்கித்தானின் கீழேயே என்பதை மறத்தற்கில்லை.

இப்பொருளில் நாம் புகுந்ததற்கு எமது பிழையொன்றே காரணம். சில ஆண்டுகளுக்கு முன்னர், பழைய பொருள் விற்பார் ஒருவரிடமிருந்து தடித்த பச்சைப் படங்கொன்று எம் கைக்கு வந்தது. அதன் ஓரத்திலே அம்புக்குறி ஒன்று மங்கலாய்ப் பதிந்திருந்தது. அதனைக் கண்ட மகிழ்ச்சியில் வகுப்பறையிலே படங்கை விரித்து, இஃது இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியத் தாங்கியொன்றோடு பூட்டிய கூடாரம் என மாணவர்க்கு விளக்கினோம். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, அவ்வாறாயின் தாங்கியோடு பூட்டும் பக்கம் எது என வினவினான். நான்கு பக்கமும் நோக்கினோம். எந்தப் பக்கமும் தாங்கியோடு பூட்டுதற்கு ஏற்றதாய் இல்லை. அன்று அவனுக்கு விடை கூற எம்மால் இயலவில்லை.

எம்மை மயக்கிய அம்புக்குறியையே முதலில் எடுத்துக்கொள்வோம். அகன்ற அம்பு எனப்படும் அக்குறி, பிரித்தானிய அரசின் உடைமையைக் காட்டுதற்குப் பல நூற்றாண்டுகளாக இடப்பட்டு வந்தது. துப்பாக்கியில் உண்டு, கத்தியில் உண்டு, கித்தானிலும் உண்டு. பொருள் அரசினது என்பதன்றி, அஃது எதற்குப் பயன்பட்டது என்பதை அக்குறி கூறாது. குடியேற்ற நாடுகளும் அதனைத் தத்தமக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. கனடா, 'சீ' என்னும் ஆங்கில எழுத்தினுள்ளே அம்பை வைத்தது. தென்னாபிரிக்கா 'யூ' என்னும் எழுத்தினுள்ளே வைத்தது. ஆஸ்திரேலியா இரண்டு 'டீ' எழுத்துக்களின் நடுவே நிறுத்தியது. ஆகவே அம்பைக் கண்டவுடன் அமையாது, அதனைச் சூழ எழுத்துண்டோ எனவும் நோக்குதல் வேண்டும்.

உடைமைக்குறி பயன்படுத்தினோரைக் காட்டும் என்பதும் உறுதியன்று. 1941 ஏப்பிரலில் லிபியாவிலே ஜேர்மானியர், பிரித்தானியப் படைத்தலைவர்களையும் அவர்தம் பெரிய கவசக் கட்டளை வாகனங்களையும் ஒருங்கே கைப்பற்றினர். ஏ.ஈ.சி. நிறுவனத்தார் செய்த அவ்வாகனத்துக்கு, இலண்டனிலுள்ள ஆடம்பர விடுதியொன்றின் பெயரால் 'டோர்செஸ்ரர்' எனப் பட்டம் வழங்கிற்று. ஜேர்மானியரோ அதன் பருமனைக் கண்டு 'மம்மூத்' என்றனர். கைப்பற்றியவற்றுள் ஒன்றைத் தளபதி ரொமெல் தமது நடமாடும் தலைமையகமாகக் கொண்டார். அவ்வாகனத்தின் கித்தானிலே பிரித்தானியக் குறி இருந்திருப்பினும், அதன் நிழலில் இருந்தவர் ஜேர்மானியத் தளபதி அன்றோ!

ஏட்டுச்சுவடியின் காலத்தைத் துணிவோர் முகப்பேட்டில் எழுதிய பெயரொன்றையே நம்பார். ஏட்டின் அளவு, எழுத்தின் வடிவு, துளையிட்ட இடம் என்பவற்றை ஒருங்கு நோக்கியே முடிவு கூறுவர். கித்தானுக்கும் அம்முறையே பொருந்தும். அதற்கு முதல் வினா, எம் மாணவன் கேட்ட அவ்வினாவே.

வாகனத்தோடு பூட்டிய கூடாரத்தை ஆங்கிலப் படையினர் 'பென்ற்ஹவுஸ்' என்றனர். எம்மூர் வீட்டோடு பத்தி இறக்குதல் போன்றது அது. கட்டளை வாகனத்தினுள்ளே வானொலிக் கருவிகளும் அவற்றை இயக்குவோரும் நிறைந்தபின், பெருந் தேசப்படத்தை விரிக்கவும் அதனைச் சூழ்ந்து நிற்கவும் இடமிராது. ஆதலின் வாகனத்தின் பக்கத்திலோ பின்புறத்திலோ கித்தான் அறையொன்றை இறக்கினர். பிரித்தானியரின் எஃப்.வி. 432, சுல்தான் என்னும் சங்கிலிச் சில்லு வாகனங்களின் கட்டளை வகைகளிலும், 1960களில் வழக்கிற்கு வந்த அமெரிக்க எம். 577 வாகனத்திலும் அது பின்கதவை அடுத்து அமைந்தது. வேண்டியவிடத்து இத்தகைய வாகனங்களை அடுத்தடுத்து நிறுத்தி, கூடாரங்களை இணைத்துப் பெரிய அறையாக்கலும் உண்டு.

இதனால் இவ்வகைக் கூடாரத்தின் வடிவம் ஒருபாற் கோடியதாய் இருக்கும். மூன்று பக்கத்திற்குச் சுவருண்டு. நான்காம் பக்கத்திற்கு இல்லை, அல்லது வாகனக் கதவின் அளவிற்கு வெட்டப்பட்ட வாயிலோடு கூடிய சுவருண்டு. அப்பக்கத்து விளிம்பு வாகனத்தின் உடலை இறுகத் தழுவுதற்கு வாரும் கொளுக்கியும் உடையதாய் இருக்கும். கூரையின் ஓரம் வாகனத்தின் மேலே ஏறிப் படிதற்கு நீண்டிருக்கும். கீழ்ப்புறத்திலே சங்கிலிச் சில்லு வருமிடத்தை மூடுதற்குத் தொங்கல்கள் தைக்கப்பட்டிருத்தலும் கூடும். மனிதர் தங்குதற்கு மட்டும் அமைந்த கூடாரத்தில் இவற்றுக்குத் தேவையில்லை. இன்னும் ஒன்று: இரவிலே விளக்கேற்றித் தொழில் செய்தமையால் வெளிச்சம் புறத்தே கசிதல் ஆகாது. எனவே நுழைவாயிலில் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைத் திரை காணப்படின், அது கட்டளைக் கூடாரம் எனக் கொள்ளுதற்கு நல்ல சான்றாகும்.

எமது படங்கிலே இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆனால் மீண்டும் வெயிலில் விரித்துப் பார்த்தபொழுது, குறுக்கே ஒத்த இடைவெளியில் வெளிறித் தேய்ந்த பட்டைகள் தோன்றின. வளைந்த இரும்புச் சட்டங்களின் மேலே நெடுநாள் இழுபட்டுக் கிடந்த தடங்கள் அவை. அது லொறியின் மேற்போர்வை! மறுநாள் அம்மாணவனை அழைத்து உண்மையைக் கூறினோம். அவன் சிரிக்கவில்லை, நாமே சிரித்தோம்.

எனினும் வடிவம் எதனையும் காட்டாத எளிய படங்கு தாங்கியோடு பயன்பட்டதேயில்லை எனவும் கூறற்க. பாலைவனப் போரிலே தாங்கியினர், நாற்சதுரமான படங்கின் ஒரு விளிம்பைத் தாங்கியின் பக்கத்தே கட்டி, மறுவிளிம்பை நிலத்தில் முளையடித்து, அச்சாய்வின் கீழ் உறங்கினர். தாங்கியின் அடியிலே உறங்குதல் குண்டுக்குப் பாதுகாப்பெனத் தோன்றும். ஆயின் இளகிய நிலத்தில் பன்னிரண்டாயிரம் இறாத்தலன்று, முப்பது தொன் நிறை இரவோடிரவாக அமிழ்ந்து உறங்குவோரை நசுக்கிவிடும். அதனால் அடியிற் படுத்தல் தவிர்க்கப்பட்டது. இத்தகைய படங்கைத் துணிவாக இனங்காணப் பழைய நிழற்படமே உதவும்.

கித்தானும் தாங்கியும் சேர்ந்த இடமெல்லாம் கூடாரம் என்று கொள்ளுதலும் தவறு. 1941இல் ஜெனரல் வேவல், வானிலிருந்து நோக்குவார்க்குத் தாங்கி லொறியாய்த் தோன்றும்படி இலேசான கித்தானால் மூடலாமோ என்னும் கருத்தைச் சிறு வரைபடத்தோடு முன்வைத்தார். அதன் விளைவே 'சன்ஷீல்ட்' எனப்பட்ட மறைப்பு. சட்டத்தின் மேல் கித்தான் போர்த்த இரு பாதிகள் தாங்கியின் இருமருங்கும் பொருந்தும்; வேண்டியபொழுது விரைவில் கழற்றி எறியலாம். 1942 ஒக்ரோபரில் எல் அலமெய்ன் போருக்கு முன்னர் இவ்வாறு 722 மறைப்புக்கள் பயன்பட்டன. தாங்கிகள் வருமுன்னரே அவ்விடத்தில் லொறிகளை நிறுத்தி, பகைவரின் விமானிகள் அவற்றைக் கண்டு பழகுமாறு செய்தனர். பின்னர் இரவிலே தாங்கிகள் வந்து லொறி வேடம் பூண்டன. அப்போர் ஒக்ரோபர் 23 இரவு தொடங்கிற்று. பழைய படமொன்றில் லொறியின் கூண்டுக்குக் கீழே சங்கிலிச் சில்லு தெரியின், அஃது இம்மறைப்பே.

வடிவத்தின் பின் துணி. நல்ல பருத்திக் கித்தானின் நூல் மழை பட்டவுடன் வீங்கி, நெசவின் கண்களை அடைத்துக்கொள்ளும். நனைந்த கூடாரத்தின் உட்புறத்தைத் தொட்டு, அவ்விடத்தில் ஒழுக்கை உண்டாக்கி ஏச்சு வாங்கிய பழைய சாரணர் இதனை நன்கறிவர். பூஞ்சணம் பற்றாதிருக்கச் செப்புச் சேர்வைகள் ஊட்டப்பட்டமையால் பல கித்தான்கள் பசுமை நிறம் பெற்றன. எனவே பச்சையெல்லாம் சாயமன்று. தையலில் உதிர்ந்த சிறு நூலொன்றைக் கூடாரத்துக்குத் தொலைவில் கொண்டுபோய்க் கொளுத்துக. பருத்தியாயின் கடதாசிபோல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழையாயின் உருகிக் கடினமான மணியாய்த் திரளும். திரண்டால், துணி பிற்காலத்தது. அன்றேல் பின்னர் பழுதுபார்க்கப்பட்டது. இழுத்தால் 'பறபற' என்று பிரியும் ஒட்டுப்பட்டை மூலத்தையலோடு இருப்பின், அது இரண்டாம் உலகப் போர்க்காலத்ததாகாது.

ஈற்றில் எண். 1949இல் அமைந்த நேற்றோ கூட்டணி நாடுகள் பின்னர் தம் படைப்பொருட்களுக்குப் பொதுவான இருப்பெண்ணை வகுத்தன. அது பதின்மூன்று இலக்கமுடையது. முதல் நான்கும் வகுப்பைக் காட்டும். 8340 எனின் கூடாரமும் படங்கும். 2540 எனின் வாகனத்தின் துணைப்பொருள். ஐந்தாம் ஆறாம் இலக்கங்கள் நாட்டைக் காட்டும். பிரித்தானியாவுக்கு 99, ஜேர்மனிக்கு 12, கனடாவுக்கு 21, ஆஸ்திரேலியாவுக்கு 66 என நினைவிற் கொள்க. வகுப்பெண்ணைக் கண்டவிடத்து எம் மாணவனின் வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இவ்வெண்ணும் எழுத்தும் மையால் அச்சிடப்பட்டவை, நாட்பட மங்குபவை. ஆதலின் கித்தான் கைக்கு வந்தவுடன் துவைத்தல் கூடாது. உலரவிட்டு, மெல்லிய தூரிகையாற் புழுதியைத் தட்டி, மாலை வெயில் பக்கவாட்டிற் படும்படி வைத்து நிழற்படம் எடுத்தபின்னரே மற்றையவை செய்க. நாம் எமது படங்கை விரிக்குமுன் சவர்க்காரமிட்டுத் துவைத்துவிட்டோம். அம்பின் கீழே ஆண்டு பொறித்திருந்தது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் இன்றும் தெரிகின்றன: 1, 9, 4.