ஒளியால் ஒளி காத்தல்

கண்ணில் புரை வளர்ந்தால் பார்வை மங்கும். அறுவை செய்தால் மீளும். கிளாக்கோமா எனப்படும் கண்நீர் அழுத்த நோயோ அத்தகையதன்று. அதில் இழந்த பார்வை இழந்ததே. இவ்வேறுபாட்டை அறியாமல் காலம் தாழ்த்துவோர் பலர்.

கண்ணின் முற்பகுதியில் ஒருவகை நீர் இடையறாது சுரந்து, சல்லடை போன்றதொரு திசுவின் வழியே வடிகின்றது. சுரப்பும் வடிவும் ஒத்திருக்கும்வரை அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் நிற்கும். வடிகால் தடைப்படின் அழுத்தம் மிகும். பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலியும். பெரும்பாலோர்க்கு வலி இராது. பார்வைப் புலம் ஓரங்களில் சுருங்கினும், நேரே படிக்கும் எழுத்து நெடுநாள் தெளிவாகவே தெரியும். சென்னை நகரில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோயின் திறந்தகோண வகையினருள் நூற்றுக்கு 94 பேர் அதுவரை தம் நோயை அறியாதிருந்தனர்!

இவ்வழுத்தத்தைக் குறைக்க லேசர் ஒளி இரு வழிகளில் உதவுகின்றது. வடிகால் அமைந்த கோணம் குறுகியிருப்போர்க்குக் கண்மணியைச் சூழ்ந்த நிறத்திரையின் ஓரத்தில் நுண்துளை இட்டு, நீருக்கு மாற்றுவழி அமைப்பர். கோணம் திறந்திருந்தும் நீர் வடியாதோர்க்குச் சல்லடைத் திசுவின்மீது ஒளியைச் செலுத்தி வடிதலைத் தூண்டுவர். இரண்டாவது முறையை ஆர்கான் லேசர் கொண்டு 1979இல் வெளியிட்டவர்கள் வைஸ், விட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர்கள். இன்றைய மென்லேசர் அத்திசுவை எரிப்பதில்லை. சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்தபின் சில நிமிடங்களில் சிகிச்சை முடியும். அன்றே இல்லம் திரும்பலாம். ஐக்கிய இராச்சியத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், முதலிலேயே இச்சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ நான்கில் மூவர் மூன்றாண்டுகள் கழித்தும் சொட்டு மருந்தின்றி வேண்டிய அழுத்த அளவில் இருந்தனர்.

எனினும் ஓர் எச்சரிக்கை. லேசர் எஞ்சிய பார்வையைக் காக்குமேயன்றி இழந்ததைத் தராது. அதன் பயன் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறையவும் கூடும். ஆகவே, “லேசர் செய்தாயிற்று” என்று சோதனையை நிறுத்துவதும், மருத்துவர் சொல்லாமல் சொட்டு மருந்தைக் கைவிடுவதும் பெரும்பிழை. அழுத்தம் இயல்பாயிருந்தும் நரம்பு நலிவோர் உளராதலின், நரம்பையும் சோதித்தல் வேண்டும்.

கோவிலம்பாக்கம் போன்ற புறநகர்களில் வாழ்வோர்க்கும் இச்சோதனை எட்டாததன்று. 1819இல் தொடங்கப்பெற்ற அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் உள்ளது. குடும்பத்தில் ஒருவருக்கு நோயிருப்பின் உடன்பிறந்தாரும் மக்களும் தவறாது சோதித்துக்கொள்க. மாணவச் செல்வங்களே! நாற்பது கடந்த உங்கள் பெற்றோரை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். நம்மைக் கண்டு மகிழும் அக்கண்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.