ஜி.எஸ்.டி. எடுக்கலாமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

கங்கைகொண்டானில் சிப்காட் வளர வளர, நாற்கரச் சாலையோரம் புதுக் கடைகளும் வளர்கின்றன. டயர் தொழிற்சாலை, சோலார் ஆலை என்று வேலைக்குப் போன பிள்ளைகளில் சிலர், கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சொந்தமாகக் கடை போடுகிறார்கள். ஷட்டருக்குப் பெயின்ட் காய்வதற்குள் என் ஹார்டுவேர் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, ஜி.எஸ்.டி. எடுக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். என் பழைய பில் புத்தகத்தின் தலையில் டி.என்.ஜி.எஸ்.டி., சி.எஸ்.டி. என்று இரண்டு எண்கள் இருந்தன. 2007 ஜனவரியில் வாட் வந்தபோது முதல் எண் டின் எண்ணாக மாறியது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. மூன்று காலத்தையும் பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. லாபத்தை விட்டுவிட்டு விற்பனையை எண்ணுங்கள். பொருள் மட்டும் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். சேவை செய்கிறவருக்கு 20 லட்சம். 40 லட்சம் என்றதும் அது பெரிய முதலாளிகளின் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய் கல்லாவில் விழுந்தாலே ஆண்டு முடிவில் அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள். சாலையோரத்து மளிகைக் கடைக்கு இது பெரிய தொகை இல்லை. "எனக்குக் கையில் நிற்பதே மாதம் இருபதாயிரம்தானே" என்று ஒரு தம்பி கேட்டான். கையில் நிற்பதைச் சட்டம் பார்ப்பதில்லை.

2. வரி இல்லாத பொருளும் கணக்கில் சேரும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மூட்டை பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் அரிசிக்கும் கருப்பட்டிக்கும் வரி கிடையாது. காய்கறிக்கும் கிடையாது. இவை மட்டுமே விற்றால், எவ்வளவு விற்றாலும் பதிவு தேவையில்லை. ஆனால் இவற்றை 35 லட்சத்துக்கும், கூடவே சோப்பு, பிஸ்கட், ஷாம்பு என்று 6 லட்சத்துக்கும் விற்றால், மொத்தம் 41 லட்சம். அப்போது பதிவு கட்டாயம். அதே கருப்பட்டியைச் சிறு பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் அதுவும் வரிக்குள் வந்துவிடும். 2022 ஜூலையிலிருந்து இதுதான் விதி. உங்கள் பான் எண்ணில் கயத்தாறில் இன்னொரு கடை இருந்தால் அதையும் கூட்ட வேண்டும். முன்பக்கத்துக் கடையை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? வாடகை ஒரு சேவை. பொருள் மட்டும் விற்கிறவர் என்ற தகுதி போய், உங்கள் வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

3. வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் 40 லட்சம் கணக்கெல்லாம் கிடையாது. செங்கோட்டை, புளியரை தாண்டிக் கேரளத்துக்கு வரியுள்ள சரக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். கையால் முடைந்த பாய், ஓலைப் பின்னல் போன்ற, அரசு பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு.

4. இனி வருவதுதான் நான் சொல்ல வந்த விஷயம். வரம்புக்குக் கீழே இருப்பவர், தானாக விரும்பிப் பதிவு எடுக்கலாமா? ஆடிட்டரைக் கேட்பதற்கு முன் உங்கள் கடை வாசலைப் பாருங்கள். பொருள் வாங்க வந்து நிற்பது யார்?

காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன். 1,000 ரூபாய்ச் சரக்கு; 18 சதவீத வரியோடு நீங்கள் 1,180 கொடுத்து வாங்குகிறீர்கள். 1,300க்கு விற்கிறீர்கள். பதிவு இல்லையென்றால் உங்களுக்கு 120 ரூபாய் நிற்கும். பதிவு இருந்தால் அந்த 1,300க்குள் வரி 198 ரூபாய் 31 காசு. வாங்கும்போது கட்டிய 180ஐக் கழித்து மீதி 18 ரூபாய் 31 காசை அரசுக்குக் கட்டுவீர்கள். உங்களுக்கு நிற்பது 101 ரூபாய் 69 காசு. வீட்டுக்கு வாங்கிப் போகிற ஆச்சிக்கோ கொத்தனாருக்கோ இரண்டு பில்லும் ஒன்றுதான். 1,300 கொடுப்பார்கள், போவார்கள். உங்களுக்குத்தான் 18 ரூபாய் குறைவு.

அதே பொருளைச் சிப்காட்டில் உள்ள ஒரு கம்பெனி வாங்குகிறது என்று வையுங்கள். உங்கள் பில்லில் வரி எண் இருந்தால் அந்த 198 ரூபாயைக் கம்பெனி தன் வரியில் கழித்துக்கொள்ளும். அதற்கு உண்மையான அடக்கம் 1,102 ரூபாய். எண் இல்லாத பில் என்றால் முழு 1,300. நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பர்ச்சேஸ் மேனேஜர் உங்களிடம் ஏன் வாங்கப் போகிறார்? கம்பெனிகளுக்குப் பாதுகாப்புக் கையுறையும் நட்டு போல்ட்டும் கொடுக்க ஆசைப்படும் தம்பி, முதல் மாதமே பதிவு எடுக்கட்டும். பள்ளிக்கூடத்து வாசலில் நோட்டுப் புத்தகமும் மிட்டாயும் விற்கும் தங்கச்சி, வரம்பு வரும்வரை பொறுக்கட்டும். இருவருக்கும் ஒரே அறிவுரை சொல்கிறவரை நம்பாதீர்கள்.

5. வரம்பைத் தாண்டியும் வாடிக்கையாளர்கள் எல்லாரும் வீட்டுக்காரர்களே என்றால் காம்போசிஷன் முறையைப் பாருங்கள். விற்பனை ஒன்றரைக் கோடி வரை இதில் இருக்கலாம். வியாபாரிக்கு விற்பனையில் 1 சதவீதம்; மேலே சொன்ன கணக்கில் 13 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். ஆனால் வாங்கியபோது கட்டிய வரியைக் கழிக்க முடியாது, வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது, வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கக் கூடாது.

6. பதிவே இல்லாமல் பில்லில் ஜி.எஸ்.டி. என்று போட்டு வாங்குவதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். அது திருட்டு. செய்யாதீர்கள்.

7. பதிவு எடுப்பது ஒரு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவது ஆண்டு முழுக்க வேலை. என் உறவுக்காரப் பையன் ஒருவன், கார்டில் எண் அச்சடித்தால் கௌரவம் என்று பதிவு எடுத்தான். வியாபாரம் நடக்கவில்லை. விற்பனைதான் இல்லையே என்று ரிட்டர்னும் போடாமல் விட்டான். விற்பனை இல்லாத ரிட்டர்னுக்கும் தாமதக் கட்டணம் உண்டு: நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு 500 ரூபாய் வரை. மாதத்துக்கு இரண்டு ரிட்டர்ன் என்று அது ஏறிக்கொண்டே போனது. கடைசியில் பதிவும் ரத்தானது. விற்பனை இல்லாத மாதத்தில் 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே அவன் முடித்திருக்கலாம். அதை அவனுக்கு நான் நேரத்தில் சொல்லாமல் விட்டது இன்றும் மனதில் கிடக்கிறது.

8. பதிவு செய்ய அரசுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. உதவி செய்கிறவருக்குக் கொடுப்பது அவருடைய கூலி. யாராவது "நீ பேருக்கு இரு, நான் பார்த்துக்கொள்கிறேன், மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று உங்கள் பான், ஆதார், ஓ.டி.பி. மூன்றையும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். போலி பில் போட ஏழைகளின் பெயரில்தான் எண் எடுக்கிறார்கள். நோட்டீஸ் வரும் நாளில் அந்த ஆள் இருக்க மாட்டார்.

9. முதல் நாளிலிருந்தே நாள்வரவுப் புத்தகம் வையுங்கள். 2025 ஜூலையில் பெங்களூரில் என்ன நடந்தது என்று படித்திருப்பீர்கள். யு.பி.ஐ. வரவைப் பார்த்துக் கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி, பால் என்று வரி இல்லாப் பொருள் விற்றவர்களும் அதில் மாட்டினார்கள். பயந்துபோய்ப் பலர் கியூ.ஆர். அட்டையையே கழற்றினார்கள். அட்டை மேல் தப்பில்லை. எது அரிசி விற்ற பணம், எது சோப்பு விற்ற பணம், எது மச்சான் திருப்பித் தந்த கைமாற்று என்று எழுதி வைக்காததுதான் தப்பு. கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்கு ராத்திரி ஷட்டர் இறக்குமுன் பத்து நிமிடம் எழுதுங்கள்.

10. வரம்பைத் தாண்டினால் 30 நாளைக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் அபராதம் 10,000 ரூபாயிலிருந்து தொடங்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நேரத்தோடு விண்ணப்பித்தவருக்கு, அன்று கடையில் இருக்கும் சரக்குக்கு ஏற்கெனவே கட்டிய வரியையும் கழித்துக்கொள்ளும் உரிமை கிடைக்கும்; கொள்முதல் பில் ஓராண்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவாவது மொத்த வியாபாரியிடம் பில் கேட்டு வாங்கி, தேதி வாரியாகக் கோத்து வையுங்கள். சரக்கையும் எண்ண வேண்டியிருக்கும். 2017 ஜூன் 30 ராத்திரி நானும் கடைப் பையன்கள் இருவரும் விடிய விடிய உட்கார்ந்து ஆணி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் எண்ணினோம். உங்களுக்கு அந்த ராத்திரி வரும்போது சொல்லி அனுப்புங்கள், நானும் வந்து கூட உட்காருகிறேன்.