கிரீன் டீ மாத்திரை போடலாமா? தங்கச்சிக்குச் சொன்னது

மாரிக்குப்பத்தில் கிளம்பும் அதிகாலை ரயில் சாம்பியன் ஸ்டேஷனுக்கு வரும்போது இருட்டு இன்னும் முழுதாக விலகியிருக்காது. என் தங்கை அதில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வர அதே அளவு. போன மாதம் ஒருநாள் ரயிலில் இருந்தே போன் செய்தாள். "அக்கா, கிரீன் டீ மாத்திரைய வெறும் வயித்துல போடணுமா, சாப்ட்டுட்டுப் போடணுமா?"

என்ன மாத்திரை, யார் கொடுத்தது என்று கேட்டேன். லேடீஸ் பெட்டியில் கூட வரும் ஒரு பெண் விற்கிறாளாம். உட்கார்ந்த இடத்திலேயே கொழுப்பைக் கரைக்குமாம். மூன்று மாதத்துக்கு மூன்று டப்பா வாங்கி, ஒன்பது நாள் விழுங்கியும் ஆகிவிட்டது. குமட்டுகிறது, காலையில் எதுவும் இறங்கவில்லை என்றாள். "இன்னைக்குப் போடாதே, சாயங்காலம் டப்பாவோட வா" என்றேன். அன்று ராத்திரி அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த டப்பா இன்னும் எத்தனை தங்கச்சிகளின் கைப்பையில் இருக்கிறதோ.

முதலில் ஒன்று. எடை ஏறியதற்காக உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே. நம் அப்பா சாம்பியன் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. அந்தச் சூட்டில் பாறையோடு மல்லுக்கட்டி மேலே வந்தவருக்கு இரண்டு உருண்டை களி போதவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு ஊரே ரயிலேறிப் பிழைக்கிறது. அதே களி, அதே சோறு, அதே கறிக் குழம்பு. ஆனால் நீ ஒரு நாளில் நாலரை மணி நேரம் ரயிலிலும், எட்டு மணி நேரம் மெஷின் முன்னாலும் உட்கார்ந்திருக்கிறாய். வயிறு தள்ளியது உன் சோம்பேறித்தனத்தால் இல்லை.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். விற்கிறவர்கள் சொல்வது அத்தனையும் பொய் என்று சொல்ல மாட்டேன். பச்சைத் தேயிலையில் கேட்டசின் என்ற பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் வீரியமானது ஈ.ஜி.சி.ஜி. கூடவே காபியில் இருக்கிற கஃபீனும் இருக்கிறது. இரண்டும் சேரும்போது உடம்பு சற்றுக் கூடுதலாகச் சக்தியைச் செலவழிக்கிறது. 1999இல் ஜெனீவாவில் பத்து ஆண்களை ஓர் அறையில் தங்கவைத்து அளந்து பார்த்தார்கள். கிரீன் டீ சாறு கொடுத்த நாளில் அவர்கள் உடம்பு செலவழித்த சக்தி 4 சதவீதம் கூடியது. இருபது வருடத்துக்கு மேலாகக் 'கொழுப்பைக் கரைக்கும்' என்று டப்பாவில் அச்சடிக்கிறவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பது இந்த மாதிரி ஆய்வுகளைத்தான். அந்த 4 சதவீதத்தைக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 80 கலோரி வரும். பங்காரப்பேட்டையில் வண்டி நிற்கும்போது சர்க்கரை தூக்கலாகப் போட்டு ஒரு பால் டீ வாங்கிக் குடிக்கிறாயே, ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த ஒரு டீயை நிறுத்தினாலே மாத்திரை செய்வதாகச் சொல்லும் வேலை முடிந்துவிடும். காசும் மிச்சம்.

அறைக்குள் ஒரு நாள் அளந்ததை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்ததா என்று பார்ப்போம். எடை கூடியவர்களிடம் நடந்த 18 ஆய்வுகளை, மொத்தம் 1,945 பேர், காக்ரேன் என்ற அமைப்பினர் 2012இல் சேர்த்துப் பார்த்தார்கள். ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆய்வுகளில் சராசரியாகக் குறைந்த எடை 40 கிராம். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை! ஜப்பான் ஆய்வுகளில் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தது, ஆனால் ஆய்வுக்கு ஆய்வு கணக்கு வேறுபட்டது. உடம்புக்குப் பயன்படும் அளவு எடை குறையவில்லை என்பதுதான் அவர்கள் தீர்ப்பு.

அதைவிட என் மனதில் தங்கிவிட்டது அமெரிக்காவின் மின்னசோட்டாவில் நடந்த ஆய்வு. அதில் இருந்தவர்கள் மாதவிடாய் நின்ற பெண்கள், 1,075 பேர். மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்குமா என்று பார்க்கத்தான் அது தொடங்கியது. பாதிப் பேருக்குத் தினமும் 843 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி. உள்ள காப்ஸ்யூல், மீதிப் பேருக்கு மருந்தில்லாத காப்ஸ்யூல், ஒரு வருடம் முழுக்க. அவர்களில் எடை கூடிய 121 பெண்களைத் தனியாக எடுத்து அளந்தார்கள். உடல் கொழுப்பில் இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. ரத்தத்தில் கல்லீரல் கணக்கு கவலைப்படும் அளவுக்கு ஏறியவர்கள் கிரீன் டீ பிரிவில் 26 பேர், மற்றதில் 4 பேர். மாத்திரையை நிறுத்தியதும் இறங்கியது, மறுபடி கொடுத்ததும் ஏறியது. ஒரு வருடம் விழுங்கி, கொழுப்பு அப்படியே இருக்க, கல்லீரலுக்குத் தொல்லை. இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம்.

ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018இல் இதை ஆராய்ந்து, மாத்திரை வழியாக ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம் ஈ.ஜி.சி.ஜி.யும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன என்றது. ஒரு நாள் அளவு 800 மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்கவேண்டும் என்று 2022இல் அங்கே சட்டமே வந்துவிட்டது. அதற்குக் கீழே போனால் பயமில்லை என்றும் எடுத்துக்கொள்ளாதே. குறைந்த அளவிலேயே மஞ்சள் காமாலை வந்தவர்கள் உண்டு. சிலருடைய பரம்பரை அமைப்பு அப்படி, அது முன்கூட்டி யாருக்கும் தெரிவதில்லை.

"டீத்தானே அக்கா, தாத்தா காலத்துல இருந்து குடிக்கிறதுதானே" என்றாள் தங்கை. கோப்பையும் மாத்திரையும் ஒன்றில்லை. ஒரு கோப்பை கிரீன் டீயில் ஈ.ஜி.சி.ஜி. 50 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கும், அதையும் நீ ஊதி ஊதி, மெதுவாகக் குடிப்பாய். மாத்திரையோ பல கோப்பையின் சாரத்தை ஒரே வாயில் இறக்கிவிடும். வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் ஏறும் அளவு இன்னும் கூடும். எடை குறைக்கிறேன் என்று காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு இதை விழுங்குகிறவர்கள்தான் எனக்கு அதிகக் கவலை.

அவள் டப்பாவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். நீயும் படி. 'கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்' இத்தனை மில்லிகிராம் என்று இருந்தது. அதில் ஈ.ஜி.சி.ஜி. எவ்வளவு என்ற கணக்கு இல்லை. கூடவே கார்சீனியா என்று ஒன்று, அது குடம்புளி வகையின் சாறு. குழம்பில் போடும் புளியால் ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தச் சாறு மாத்திரையாலும் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே டப்பாவில்! எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இல்லாத டப்பாவைத் தொடவே தொடாதே. எண் இருக்கிறது என்பதற்காகவும் நம்பிவிடாதே. உரிமம் வாங்கிய கம்பெனி என்றுதான் அதற்கு அர்த்தம், எடை குறையும் என்று அரசாங்கம் கொடுத்த வாக்கு இல்லை.

கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், முன்பு மஞ்சள் காமாலை வந்தவர்கள், வேறு நோய்க்குத் தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தப் பக்கமே போகவேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், பி.பி.க்குக் கொடுக்கும் நடோலால் போன்றவற்றின் வேலையைக் கிரீன் டீ கெடுக்கும். டாக்டரிடம் போகும்போது "இங்கிலீஷ் மருந்து எதுவும் சாப்பிடலை" என்று சொல்லி இதை மறைக்காதே. மூலிகைதானே என்று நாமே விட்டுவிடுகிறோம், அவருக்கு எப்படித் தெரியும்?

சரி, கிரீன் டீயே வேண்டாமா? குடி, தாராளமாகக் குடி. நீலகிரியில் விளைகிற நல்ல இலையே கடையில் கிடைக்கிறது. தண்ணீர் கொதித்ததும் இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறவிடு, பிறகு இலையைப் போட்டு இரண்டு நிமிடத்தில் வடிகட்டு. தளதளவென்று கொதிக்கும்போது போட்டால் கசக்கும், கசந்தால் தேன் தேடுவாய், தேனைச் சேர்த்தால் கிரீன் டீ குடித்த பலனே போச்சு. நாளைக்கு இரண்டு கோப்பை போதும். பால் டீயோடு கூடுதலாக இதையும் குடிப்பதில் ஒன்றுமில்லை. சர்க்கரை போட்ட டீக்கு பதிலாகக் குடித்தால்தான் லாபம்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் எந்த டீயும் வேண்டாம். உணவில் இருக்கிற இரும்புச் சத்தை அது உறிஞ்சவிடாது. கீரை கடைந்து சாப்பிட்டுவிட்டு மேலே டீயை ஊற்றினால் கீரையின் பலனில் பாதி போய்விடும். நம் பெண்களுக்கு ரத்தசோகை சாதாரணம். இரும்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

எடை பார்க்கும் மெஷினை விட்டுவிட்டு ஒரு டெய்லர் டேப் வாங்கு. தொப்புள் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி அளந்து பார். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதைத் தாண்டினால் சர்க்கரையும் பி.பி.யும் ஒருமுறை பரிசோதித்துவிடு.

பிறகு நட. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் அரைமணி நேரமாவது நடை, சர்க்கரையும் எண்ணெயும் குறைவு, அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தது. அப்படிச் செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாக இறங்கவே இல்லை! தராசு முள் அசையாவிட்டாலும் உடம்புக்குள் நல்லது நடக்கிறது. எத்தனை பேர் முள் அசையவில்லை என்று இரண்டாம் மாதமே நடையை விட்டுவிட்டு மாத்திரை தேடுகிறார்கள்.

நேரமில்லை என்பாய், தெரியும். ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோ பிடிக்காமல் வீடு வரை நடந்து வா, பத்து நிமிடம் அதிலேயே கிடைக்கும். பங்காரப்பேட்டை பானிபூரியை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், வாரத்துக்கு ஒருநாள் வைத்துக்கொள். களி உருண்டையை இரண்டிலிருந்து ஒன்றாக்கி, மீதி இடத்தில் கீரையும் பயறும் வை. களிக்கும் சோற்றுக்கும் கலோரியில் பெரிய வித்தியாசமில்லை, கேழ்வரகு என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை நடக்க நம் ஊர் போல இதமான காற்று எங்கே கிடைக்கும்? ஆனால் காற்று வீசி அடிக்கும் மாதங்களில், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் போகாதே. அந்த மண்தூசியை மூச்சில் வாங்குவதற்கு நடக்காமலே இருக்கலாம்.

தங்கையின் குமட்டல் நிறுத்திய மூன்றாம் நாள் நின்றது. கல்லீரல் நிலையைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனை எடுக்கவைத்தேன், சரியாகத்தான் இருந்தது. மீதி இரண்டு டப்பாவுக்குக் காசு திரும்பி வரவில்லை, போகட்டும். நீ இப்போது இதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்து. விடாத சோர்வு, வலது விலாவுக்குக் கீழே வலி, சிறுநீர் காபி நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, இதில் ஒன்று தெரிந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று ரயிலேறிவிடாதே. அன்றைக்கு லீவு போடு, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ.